வெறும் பாத்தி

பக்கீர்தம்பி தன் வாழ்நாளில் மூன்று வீடு கட்டினார். மூன்றும் கல்வீடு. அந்த மூன்றிலும் அவருக்குப் படுக்க ஓர் இடமில்லை என்று யாராவது சொன்னால் அவருடைய பெண்மக்கள் மூவரும் சண்டைக்கு வருவார்கள். வரத்தான் வேண்டும். வாப்பாவைப் போ என்று ஒருத்தியும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண்பிள்ளை உடுத்த சாரத்தோடு பெண்வீட்டுக்குப் போகிறான். அங்கே பெண்குழந்தை பிறந்துவிட்டால் அன்றைக்கே அவன் தலையில் செங்கல் ஏறிவிடுகிறது. ஒலுவிலில் பிறந்த பக்கீர்தம்பியும் அப்படித்தான் பாலமுனைக்கு மாப்பிள்ளையாக வந்தார். மூத்தவளுக்கு ஒரு வீடு, நடுவிலாளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். கடைசியில், தாங்கள் இருந்த ஓலைவீட்டை இடித்துக் கல்வீடாக்கி, அதைக் கடைசி மகள் உம்முவுக்கு எழுதினார். மனைவி ஆசியத்தும்மா இருக்கும்வரை அந்த வீட்டின் பக்கத்து அறையில் இருவருக்கும் ஒரு கட்டில் இருந்தது. அவள் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, "தோட்டத்துக்கு மாடு வருது, காவலுக்கு ஆள் வேணும்" என்று சொல்லிக்கொண்டு இவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். மருமகன் காலிதீன் நல்ல பிள்ளை. ஆனாலும் மருமகன் இருக்கிற வீட்டில் மாமனார் இருமுவதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது.

சில நாள் காவல் என்று போனவர் ஒரு வருடமாக அங்கேயே, காவல் குடிசையில் கிடந்தார். மாடு வராத காலத்திலும் திரும்பி வரவில்லை. "வாப்பாவுக்குத் தோட்டம்தான் உசிர்" என்று மூத்தவள் சொன்னாள். நடுவிலாளும் அதையே சொன்னாள். நாலு பேர் சொன்னால் அது உண்மையாகிவிடுகிறது. காலிதீன் தினமும் சைக்கிளில் வந்து சோற்றுப் பார்சலை வேலிக்கட்டையில் கொழுவிவிட்டு, மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போவான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உம்மு வீட்டில் சாப்பாடு. மற்ற நேரமெல்லாம் மணல், கடல் இரைச்சல், நாங்கள் கொச்சிக்காய் என்கிற மிளகாய்ச் செடி.

அந்தக் கொச்சிக்காயும் அவரைக் கைவிடப் பார்த்தது. எண்பத்தோராம் ஆண்டு மாரி மழை விட்டதும் வைத்த கன்றுகளில் பாதி, பூக்கிற பருவத்தில் நின்ற நிலையிலேயே வாடின. மத்தியானம் இலை தொங்கும், பின்னேரம் நிமிரும், இரண்டு மூன்று நாளில் நிமிராமலே போய்விடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகிக் கிடக்கும். கடையில் விற்ற மருந்தெல்லாம் அடித்துப் பார்த்தார். மருந்து வாசம் அவருடைய சோற்றில் ஏறியதுதான் மிச்சம்.

அடுத்த வருடம், கன்று நடப்போகிற சமயத்தில் விவசாயக் கந்தோரில் இருந்து அலுவலர் புண்ணியமூர்த்தி வந்தார். காரைதீவுத் தமிழ் ஆள், முப்பது வயதுகூட இருக்காது; பக்கீர்தம்பியை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டார். மோட்டர் சைக்கிளை மணலில் புதையவிட்டு, அதை இழுத்து எடுக்கும்போதே கதைக்கத் தொடங்கிவிட்டார். கண்டிப் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சிநேகிதர் ஒருவகைக் கிருமியை வளர்த்துக் கொடுத்திருக்கிறாராம். அது வேரழுகலைத் தடுக்குமாம்.

"கிருமியா?" என்றார் பக்கீர்தம்பி. "இரிக்கிற கிருமி காணாதெண்டு நீங்க வேற கொண்டு வந்திரிக்கீங்களா தம்பி?"

"இது நல்ல கிருமி காக்கா. பாலுக்கு உறை ஊத்தினாத் தயிராகுதுதானே, அது ஆர் செய்யிற வேலை? இந்தமாதிரி ஒரு கிருமிதான். இது வேரைச் சுத்திக் குடியிருக்கும். வேரை அழுக வைக்கிற பூசணத்தைக் கிட்ட அண்ட விடாது."

"சும்மா குடியிரிக்குமா?"

"வேரில இருந்து கசியிற இனிப்பு அதுக்குக் காணும்."

"அப்ப இதுவும் நம்மட மாப்பிள்ளைமாரப் போலதான்," என்றார் பக்கீர்தம்பி. புண்ணியமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் பகிடிக்கு ஒருவர் சிரித்து எத்தனை காலம் என்று பக்கீர்தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சிரிப்புக்காகவே சம்மதித்துவிட்டார் என்று சொன்னால் அது பொய்யில்லை.

கிருமி ஒரு சாராயப் போத்தலில் வந்தது. கந்தோரில் இறுக்கமான மூடியுள்ள வேறு போத்தல் கிடைக்கவில்லையாம். கொதிநீரில் கழுவித்தான் ஊற்றியிருக்கிறேன் என்று புண்ணியமூர்த்தி சத்தியம் செய்தார். உள்ளே தவிட்டுக்கஞ்சி போல மங்கலாக ஏதோ கிடந்தது. பக்கீர்தம்பி அதைக் குடிசைக்குள் எடுக்க மனமில்லாமல், பழைய சாரத்துண்டில் சுற்றி, நிழலுக்காகத் தென்னையடியில் மணலுக்குள் கழுத்துவரை புதைத்து வைத்தார். இதைவிடச் சந்தேகமான காரியம் ஒன்றை ஒரு மனிதன் பாலமுனையில் செய்ய முடியாது.

ஏற்பாடு இதுதான். தோட்டத்தில் சரிபாதிப் பாத்திகளுக்கு மருந்து. அவற்றில் வெள்ளை பூசிய தடி நட்டார்கள். அங்கே வைக்கிற கன்றின் வேரைக் கிருமித் தண்ணீரில் தோய்த்து நட வேண்டும். பிறகு அவ்வப்போது போத்தலில் இருந்து ஒரு கரண்டி எடுத்து, சீனி போட்ட கஞ்சித் தண்ணீரில் கலந்து மூடி வைத்தால் மறுநாள் பெருகி நிற்கும். அதை வேரடியில் ஊற்ற வேண்டும். மற்றப் பாதி வெறும் பாத்தி. அதற்குத் தண்ணீர் மட்டும்தான். பூவாளிகூட வேறு.

"வெறும் பாத்தியில ஒரு சொட்டும் படக் கூடாது காக்கா. வாடினா வாடட்டும், செத்தாச் சாகட்டும். அது செத்து, இது பிழைச்சாத்தான் மருந்தாலதான் பிழைச்சதெண்டு என்னால சொல்ல ஏலும். கந்தோரில பெரியவர் இதைக் கேட்டுட்டுச் சிரிச்சவர். உங்கட தோட்டம்தான் எனக்குச் சாட்சி."

பக்கீர்தம்பி தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன, லேசுதானே.

அன்றிலிருந்து புண்ணியமூர்த்தி புதன்கிழமை தோறும் வந்தார். வாடிய செடி, நின்ற செடி எல்லாம் எண்ணுவார். எண்ணி முடிந்ததும் தென்னையடியில் குந்தி இருந்து பிளேன்டீ குடிப்பார். தன் கல்யாணப் பேச்சு முறிந்த கதை, பெரியவரின் சிடுமூஞ்சி, மோட்டர் சைக்கிளின் வியாதிகள் எல்லாம் கதைப்பார். பக்கீர்தம்பி செவ்வாய்க்கிழமையே கடைக்குப் போய்த் தேநீரோடு கடிக்கக் கல்பணிஸ் வாங்கி வைப்பார். புதன் காலையில் தாடியைச் சீவுவார். மனைவி போன பிறகு அவர் கண்ணாடி பார்த்தது அப்போதுதான். கிழமையில் ஏழு நாள் இருப்பதை மறந்து, புதன் என்றும் புதன் அல்லாதது என்றும் இரண்டே நாளாக அவர் வாழத் தொடங்கினார்.

பூக்கத் தொடங்கியபோது வெறும் பாத்தியில் முதல் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. வெள்ளைத்தடிப் பாத்திகள் கம்பீரமாக நின்றன. புண்ணியமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா காக்கா! தொடங்கிட்டுது!"

"சாகிறதப் பாத்துச் சந்தோசப்படுற மனிசன நான் இப்பத்தான் காணுறன்."

"இன்னும் ரெண்டு மூண்டு கிழமை பொறுத்துக்கொள்ளுங்க. அதுக்குப் பிறகு இந்தக் கரையில ஒருத்தரும் வேரழுகலுக்குப் பயப்படத் தேவையில்லை."

அவர் போன பிறகு பக்கீர்தம்பி வெறும் பாத்தியோரம் போய் நின்றார். அதே நாற்றுமேடையில் ஒன்றாக முளைத்த கன்றுகள். ஒரு பக்கத்துக்கு எல்லாம் கிடைத்தது, இன்னொரு பக்கத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள். நியாயம் தெரியாத ஆள் இல்லை அவர். புண்ணியமூர்த்தி சொன்ன காரணம் அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது. விளங்கியதால் நெஞ்சு கேட்டுவிடுமா?

அந்த வெள்ளிக்கிழமை உம்மு வீட்டில் இறைச்சிக் கறி. காலிதீன் புதுப் பாய் விரித்து, கை கழுவச் செம்பில் தண்ணீர் ஊற்றினான். வெளியூர் விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை ஒன்றும் குறையவில்லை. தான் சாந்து குழைத்துப் பூசிய சுவரில் சாய்ந்துகொண்டு, விருந்தாளியாகச் சாப்பிட்டார் பக்கீர்தம்பி. பழைய பக்கத்து அறையில் காலிதீனின் நெல்மூட்டைகள் அடுக்கியிருந்தன. சாப்பிட்டு முடிந்ததும் உம்மு முந்தானையைத் திருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"வாப்பா, ஒரு கத கேட்டாக் கோவிக்கக் கூடா."

"கேளு மகள்."

"ஊருக்குள்ள ஒரு மாதிரிக் கதைக்காங்க. உம்மா மௌத்தான கவலையில நீங்க... தென்னையடியில போத்தல் தாட்டு வெச்சிரிக்கயாம். காரைதீவு ஆள்தான் கொண்டு வந்து தாறயாம்." அவள் கண் கலங்கிவிட்டது. "இவருக்குப் பள்ளிவாசல்ல தல நிமித்த ஏலாமக் கிடக்காம்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஊர் பேசியது பக்கீர்தம்பியைச் சுடவில்லை. தினமும் வேலிவரை வருகிற மருமகன் ஒரு தடவை உள்ளே வந்து அந்தப் போத்தலை மோந்து பார்த்திருக்கலாம். பிள்ளைகளில் ஒருத்தி வந்து, இது என்ன வாப்பா என்று கேட்டிருக்கலாம். ஊர்க் கதையை நம்புவதற்கு மூன்று வீடு இருந்தது, வந்து பார்க்க ஒரு கால் இல்லை. அதுதான் சுட்டது.

"அது கொச்சிக்காய்க்கு ஊத்துற மருந்து மகள்," என்று மட்டும் சொன்னார். உம்மு தலையாட்டினாள். நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு தரம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினார்.

தோட்டத்துக்கு வந்தபோது மணல் கொதித்தது. வெறும் பாத்தியில் இன்னும் கொஞ்சம் செடிகள் தொங்கிப்போய் நின்றன. பக்கீர்தம்பி குந்தி இருந்து ஒரு செடியின் இலையைத் தூக்கிவிட்டார். விட்டதும் அது பழையபடி விழுந்தது. அவருக்கு அழுகை வந்தது. பார்க்க ஆளில்லாத இடமென்பதால் நன்றாகவே அழுதார். அழுது முடிந்ததும் எழும்பிப் போய், அடுப்பில் பெரிய பானையை ஏற்றிக் கஞ்சி காய்ச்சினார். ஆறிய கஞ்சித் தண்ணீரில் குடிசையில் இருந்த சீனி முழுவதையும் கொட்டினார். போத்தலைத் தோண்டி எடுத்து, அதில் பாதியை ஊற்றி மூடி வைத்தார். மறுநாள் காலையில் ஒரு பாத்தி மிச்சமில்லாமல், ஒரு செடி மிச்சமில்லாமல் வெறும் பாத்திகளின் வேரடியில் ஊற்றினார். அன்றைக்கு அவர் மனம் நிறைந்து பசித்துச் சாப்பிட்டார்.

ஏற்கனவே வேரழுகிய செடிகள் செத்தன. மற்றவை தப்பிக்கொண்டன. கொஞ்ச நாளில் தடி இருந்த பாத்திக்கும் தடி இல்லாத பாத்திக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புண்ணியமூர்த்தி எண்ணினார். திரும்பவும் எண்ணினார். அடுத்த புதனும் அதற்கடுத்த புதனும் எண்ணினார். ஒவ்வொரு தரமும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"வித்தியாசம் இல்ல காக்கா," என்றார் கடைசியில். "நோய் தன்பாட்டில வந்து தன்பாட்டில போயிருக்கு. மருந்தால ஒண்டும் நடக்கேல்ல. பெரியவர் சிரிச்சது சரிதான்."

பக்கீர்தம்பி தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் இந்தப் பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விடும், இனி வராது. சொல்லாவிட்டாலோ, வருவதற்கு அதற்கு ஒரு வேலை இல்லை. எப்படிப் பார்த்தாலும் புதன்கிழமை போகத்தான் போகிறது. இருந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. பயந்த மனிதனுக்குக் கணக்கு வராது. தேநீர் ஆறிப்போக, புண்ணியமூர்த்தி தொப்பியை எடுத்துக்கொண்டார். "உங்களுக்கும் வீண் கரைச்சல் தந்திட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மன்னிப்புத்தான் பக்கீர்தம்பியை வெட்டிப் போட்டது.

அந்த வருடம் அவருடைய தோட்டம் போல ஒரு தோட்டம் பாலமுனையில் இல்லை. செடி தாங்காமல் காய்த்தது. மணலில் பாய் விரித்துக் காயப்போட்ட செத்தல் மிளகாய் கண்ணைப் பறித்தது. புதன்கிழமைகளில் கை தன்பாட்டில் இரண்டு கோப்பை எடுத்துவிடும். ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைப்பார். தோட்டம் இப்படிச் செழித்துக் கிடக்க, அது ஏன் செழித்தது என்று தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பது அவருக்குத் தாங்க முடியாத பாரமாக இருந்தது. மூத்தவள் வீட்டுப் பக்கமாகப் போனால் வேலியோரம் நின்று கதைத்துவிட்டு வருவார். என்ன வாப்பா மெலிஞ்சிட்டீங்க என்று கேட்பாள். வெயில் என்பார்.

கடைசிப் பறிப்பும் முடிந்த பிறகு ஒரு நாள், வெள்ளைச் சாரமும் சேட்டும் உடுத்துக் கல்முனைக்கு பஸ் ஏறினார். கந்தோரில் புண்ணியமூர்த்தி மேசையில் தலைகுனிந்து இருந்தார். காக்காவைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டார். பக்கீர்தம்பி அதில் உட்காரவில்லை.

"வெறும் பாத்திக்கும் நான்தான் ஊத்தினன் தம்பி."

புண்ணியமூர்த்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் கறுத்தது. "எல்லாத்துக்குமா?"

"ஓம். எல்லாத்துக்கும்."

"ஒரு வருசம் காக்கா! எல்லாருக்கும் முன்னால என்னை முட்டாளாக்கினாங்க. நீங்க பக்கத்தில நிண்டுகொண்டு, நான் எண்ணுறதைப் பாத்துக்கொண்டு..." குரல் உடைந்தது. "ஏன்?"

"பாத்துக்கிட்டு இரிக்க ஏலாமப் போச்சு. அதுகள் பக்கத்தில பக்கத்தில நிக்குதுகள். ஒண்டுக்கு எல்லாம் குடுக்கம். மத்தத, சாகுதா எண்டு மட்டும் பாக்கம். நான் அதுக்குள்ளதான் படுக்கிறன் தம்பி. வாடுற பாத்திக்குப் பக்கத்திலதான் என்ட பாய் கிடக்கு."

புண்ணியமூர்த்தி தன் கதிரையில் திரும்ப உட்கார்ந்தார். வெளியே யாரோ தட்டச்சு அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னார்: "அப்ப மருந்து வேலை செய்திருக்கு."

"செய்திரிக்கு. என்ட கண்ணால கண்டன்."

"நீங்க கண்டது காணாது காக்கா. திரும்பச் செய்ய வேணும். கண்டியில கேட்டுக் கிருமி எடுக்கலாம். ஆனா உங்களை நான் என்னெண்டு நம்புறது?"

"நம்பக் கூடா," என்றார் பக்கீர்தம்பி. "அங்க இரிந்தா நான் ஊத்துவன். வெறும் பாத்தி வாடத் தொடங்கினா நான் தோட்டத்தில இரிக்க மாட்டன். தண்ணி ஊத்த நீங்க ஒராள வையுங்க."

"அதுவரைக்கும் எங்க இருப்பீங்க?"

"எனக்கு மூணு வீடு இரிக்கி தம்பி."

அடுத்த மாரி விட்டதும் புண்ணியமூர்த்தி வந்தார். பழைய சிரிப்பு இல்லை. அளந்துதான் கதைத்தார், பணிஸை வேண்டாம் என்றார். ஆனாலும் வந்தார். கன்று நட்டார்கள், தடி நட்டார்கள். கந்தோரில் கூலிக்கு நிற்கும் ஷரிபுதீனிடம் தண்ணீர் ஊற்றும் வேலை ஒப்படைக்கப்பட்டது. நல்ல மனிதன், செடியைச் செடியாக மட்டும் பார்க்கத் தெரிந்தவன். பூ விடுகிற பருவத்தில் ஒரு மத்தியானம் வெறும் பாத்தியில் ஒரு செடி தலை தொங்கியது. பக்கீர்தம்பி அன்றைக்கே புதிதாக வந்திருந்த கிருமிப் போத்தலை ஷரிபுதீன் கையில் கொடுத்தார். பாயைச் சுருட்டினார்.

உம்மு வீட்டு வாசலில் அவர் வந்து நின்றபோது நடுப்பகல் தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை இல்லை. உம்மு அகப்பையோடு வெளியே வந்தவள், அவர் கக்கத்தில் இருந்த பாயைப் பார்த்துத் திகைத்தாள்.

"என்ன வாப்பா, சுகமில்லையா?"

"சுகம்தான் மகள். கொஞ்ச நாளைக்கு இஞ்ச இரிப்பமெண்டு வந்தன்."

அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. கட்டின வீட்டு வாசலில் நின்று, வந்தவன் கேட்கிறதுபோலக் கேட்டார். அவர் காது மடல் சூடாகியது.

உம்மு பதறிப்போய்ப் பாயை வாங்கிக்கொண்டாள். "இதுக்கென்ன வாப்பா, உள்ளுக்கு வாங்க, இரிங்க." முன்கூடத்துக் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். புளிக்கத் தேசிக்காய் பிழிந்து தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து அறைக் கதவைத் திறந்து, கூரை முட்ட அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி, மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல், வீட்டுக்காரி எவளும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"எத்தன நாளைக்கி வாப்பா?"

பக்கீர்தம்பி தண்ணீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"வெறும் பாத்தி சாகிற வரைக்கும் மகள்."

உம்முவுக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. விளங்கப்படுத்த அவரும் முனையவில்லை. அவள் காலிதீனைக் கூப்பிட்டாள். இருவரும் அறைக்குள் மூட்டைகளை இழுத்து ஒதுக்குகிற சத்தம் கேட்டது. இந்நேரம் ஷரிபுதீன் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருப்பான். தோட்டத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். வெறும் பாத்தியில் இன்னொரு செடி தலையைத் தொங்கப் போட்டிருக்கும். பக்கீர்தம்பி கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எழும்பாமல் இருந்தார்.